பறையடித்த திகதி

பேணாட் ஐயாவை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும் என்று சொன்னாலும் பாதிப் பொய்தான். இரண்டு தடவையாக ஒன்பது வருடம் அவருடைய நீதிமன்றத்தில் முதலியாராக நின்றவள் நான். முதலியார் என்றதும் மீசையும் தலைப்பாகையும் தேடாதீர்கள். எங்கள் நாட்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் பெயர். சேலை கட்டிய இந்தச் சோபனாவும் முதலியார்தான். வழக்கைக் கூப்பிடுவது, சத்தியம் எடுப்பிப்பது, சிங்களத்தைத் தமிழாக்குவது, அறிக்கைகளை உரத்து வாசிப்பது எல்லாம் என் வேலை. அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஐயா அதைச் சொல்லிவிட்டார்.

"முதலியாருக்கு வாய் இருக்கு. ஆனா அது முதலியாற்ற வாய் இல்லை. விளங்குதோ?"

"ஓம் சேர்," என்றேன். அந்த ஓம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, ஜெஸீமா என் வீட்டுக் கேற்றடியில் வந்து நின்றாள். முன்பின் தெரியாத பெண். ஓய்வு பெற்ற பிறகு காணி உறுதி, பிறப்புப் பத்திரம் என்று மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன் என்பதால் குச்சவெளியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கசங்கிய காகிதக் கட்டு.

"மிஸ், இதக் கொஞ்சம் வாசிச்சுச் செல்லுங்க. இங்கிலீசும் சிங்களமுமா இரிக்கி. புதன்கிழமை பத்து மணிக்கு கோட்டிலயிருந்து பிஸ்கால் வாறாராம். வீட்ட விட்டு எழும்பட்டாம்."

"ஏன்? காணி ஆற்ற?"

"வாப்பாட காணி மிஸ். அபூதாஹிர் எண்டா குச்சவெளியில கேட்டுப் பாருங்க. ரெண்டாயிரத்துப் பத்தில வீடு கட்டி அதிலதான் இரிக்கிறம். வழக்கு முடிஞ்சிட்டு எண்டு செல்றாங்க. எந்த வழக்கு? எங்களுக்கு ஒரு கடுதாசிகூட வரல்லயே!"

பிஸ்கால் என்றால் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்ற வரும் அதிகாரி. காகிதங்களைப் புரட்டினேன். பிரிவினை வழக்கு. பலருக்குப் பங்குள்ள ஒரு காணியில் யாரோ ஒருவர் ஒரு பங்கை வாங்கி, பிரித்துத் தாருங்கள் என்று நீதிமன்றம் வந்திருக்கிறார். அந்தக் காணியின் கடற்கரைத் துண்டு அவருக்குப் போய்விட்டது. ஜெஸீமாவின் வீடு நிற்பது அந்தத் துண்டில். பிரிவினைத் தீர்ப்பு சாதாரண தீர்ப்பு அல்ல. வழக்கில் இருந்தவரையும் கட்டும், வழக்கே தெரியாதவரையும் கட்டும். அதனால்தான் சட்டம் முதலிலேயே ஒரு காவல் வைத்திருக்கிறது. நில அளவையாளர் காணிக்கே போய், அறிவித்தல் ஒட்டி, பறையடித்து, உரிமை உள்ளவர்கள் வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டதாக அறிக்கை தர வேண்டும்.

அறிக்கை இருந்தது. கனகரத்தினம் என்ற அளவையாளர் கையெழுத்து. 'காணியில் பறையறைந்து அறிவித்தேன். எவரும் உரிமை கோரி முன்வரவில்லை. 2008 ஓகஸ்ட் 14.'

அது எனக்குத் தெரிந்த திகதி. தீர்ப்பின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். பேணாட் ஐயாவுடையது.

2008 ஓகஸ்ட் 14 என் அம்மாவின் முதல் ஆண்டுத் திவசம். இரண்டு கிழமைக்கு முன்பே லீவு கேட்டேன். "அண்டைக்குக் குச்சவெளிப் பக்கம் தலத்தரிசனம் வைச்சிருக்கு, முதலியார் இல்லாம ஏலாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். அது வேறொரு எல்லை வழக்கு, நேரில் போய்க் காணி பார்க்க வேண்டியது. அம்மாவின் படத்துக்கு ஒரு விளக்குக் கொளுத்திவிட்டு, வயிறெரிய வாகனத்தில் ஏறினேன். ஐயா, நான், சாரதி. இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இராணுவம் மறித்தது. முன்னால் ஏதோ தேடுதல், மூன்று நாளைக்கு ஒரு குஞ்சும் போக முடியாது. நீதிபதி என்று ஐயா சொன்னார். அந்த அதிகாரி சல்யூட் அடித்தார், ஆனால் தடையைத் தூக்கவில்லை. ஐயா வாகனத்துக்குள் இருந்தபடியே தன் டயறியை எடுத்து எழுதினார். பத்தரை மணிக்குத் திரும்பினோம். வரும் வழி முழுக்க நான் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அந்தத் திகதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்படியானால் அதே நாளில், அதே தெருவால், கனகரத்தினம் எப்படிப் போய்ப் பறையடித்தார்?

ஜெஸீமாவிடம் இதைச் சொல்லவில்லை. "காகிதங்கள விட்டிட்டுப் போங்கோ, திங்கட்கிழமை கதைப்பம்" என்று அனுப்பினேன். அவளுக்கு ஒரு கோப்பை பிளேன்ரீகூடக் கொடுக்கவில்லை என்று பஸ் போன பிறகுதான் நினைவு வந்தது.

இனி ஐயாவைப் பற்றி. அவருடைய தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். மகன் நீதவானாகி முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தபோது, தகப்பனோடு வேலை செய்த ஒருவர் துறைமுகத்துப் பித்தளையைக் கடத்தியதாகப் பிடிபட்டு முன்னால் நின்றார். சின்ன வயதில் இவரைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதர். இவர் ஆறு மாதம் போட்டார். தகப்பன் அதோடு மகனுடன் பேச்சை விட்டார். வருடம் திரும்பி நத்தார்ப் பெருநாளுக்குத்தான் பேசினாராம்.

அன்றிலிருந்து மனிதர் யார் வீட்டுக் கலியாணத்துக்கும் போனதில்லை. பூசைக்குப் போனால் கோயிலில் கடைசி வாங்கில்தான் இருப்பார். மீன் சந்தைக்கு மனைவி எல்சியை அனுப்புவார், விலை பேசினால் யாராவது குறைத்துத் தந்துவிடுவார்களாம். 2006இல் துறைமுகத்துக்கு அப்பாலிருந்து ஷெல் வந்து விழுந்தபோது நீதிமன்றத்துக் கண்ணாடி அதிர்ந்தது. சட்டத்தரணிகள் மேசைக்குக் கீழே. நான் கதவடியில். ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த வழக்கு" என்றார். பாழாய்ப்போன மனிதர், எனக்குக் குரலே வரவில்லை!

இருபத்தேழு வருடத்தில் அவருடைய தீர்ப்பு ஒன்றுகூட மேன்முறையீட்டில் கவிழவில்லை. அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். ஆனால் யாராவது சொன்னால் காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அது.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தார். காகிதத்தை நீட்டினேன். அறிக்கையை வாசித்தார். திகதியில் கண் நிற்கவில்லை.

"ஓம், கனகரத்தினம். நல்ல அளவையாளர். காலமாயிட்டார். இதில என்ன?"

"திகதியப் பாருங்கோ சேர். அம்மான்ர திவசம். நீங்கள் எனக்கு லீவு தரேல்ல."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்காத முகம். பிறகு விளங்கிய முகம். எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வருடத்துக்கு ஒன்றாக டயறிகளை அதற்குள்தான் அடுக்கி வைத்திருந்தார். திரும்பி வரும்போது 2008 கையில் இருந்தது. விரல் வைத்த இடத்தைத் திறந்து என்னிடம் தந்தார். 'இறக்கக்கண்டியில் வீதி மூடல். மூன்று நாள். எவருக்கும் அனுமதி இல்லை. 10.30 திரும்பல். சோபனா கோபம்.'

"இந்த அறிக்கைய கோட்டில ஆர் வாசிச்சது?"

"நான்தான் சேர்."

"வாசிக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

இந்தக் கேள்விக்குப் பதினாறு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். தெரியும். அந்த அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்தது ஒரு மாதம் கழித்து. 'ஓகஸ்ட் 14' என்று வாசித்ததும் என் நாக்கு ஒரு கணம் நின்றது. ஐயாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாற்பத்திரண்டு வழக்குகள். மேலே வாசித்து முடித்தேன்.

"தெரியும்," என்றேன்.

"பின்ன ஏன் சொல்லேல்ல?" என்று கத்தினார். எல்சி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள்தானே சேர் வாய் என்ர இல்லையெண்டு சொன்னீங்கள்! அந்த ரோட்டில மறிபட்டு நிண்டது நான் மட்டுமோ? நீங்களும்தானே நிண்டனீங்கள். கையில எழுதியும் வைச்சிருக்கிறீங்கள்!"

அவர் டயறியை என் கையிலிருந்து வாங்கி மூடினார். எல்சிதான் பேசினார். "இஞ்சேருங்கோ, அந்தாள் செத்துப்போச்சு. பொய் எழுதினது அந்தாள். பழைய கதையக் கிளறி உங்கட பேரையும் ஏன் நாறடிக்கிறீங்கள்?"

"சோபனா, நீங்கள் போங்கோ," என்றார் ஐயா. அவ்வளவுதான். நாளைக் காலை எட்டு மணிக்குச் சுகிர்தனிடம் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் கேற்றைச் சாத்திக்கொண்டு வந்தேன். அன்றிரவு முழுக்க ஒரே யோசனை. மனிதர் டயறியை அலுமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டால் நான் ஒருத்தி என்ன சொல்லி என்ன?

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டத்தரணி சுகிர்தனின் அலுவலகத்துக்கு ஜெஸீமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுகிர்தன் இளந்தாரியாய் இருந்தபோது, பிந்தி வந்ததற்காகத் திறந்த நீதிமன்றத்தில் ஐயாவிடம் செம்மையாக வாங்கிக் கட்டியவர். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"இறுதித் தீர்ப்பு அக்கா. வேற பங்காளி போட்ட மேன்முறையீடும் வருசக்கணக்கா இழுபட்டுத் தள்ளுபடி. பறை அடிக்கேல்ல எண்டு காட்டினாத்தான் மேல் நீதிமன்றத்தில வாய் திறக்கலாம். பதினாறு வருசத்துக்குப் பிறகு அத ஆர் காட்டுறது?"

"நான் காட்டுறன்," என்று பின்னால் ஒரு குரல்.

வாசலில் ஐயா நின்றார். கக்கத்தில் டயறி. சவரம் செய்யாத முகத்தோடு அவரை நான் கண்டது அன்றைக்குத்தான். சுகிர்தன் பழக்கத்தில் எழும்பி நின்றுவிட்டார்.

"சேர், நீங்கள் உங்கட தீர்ப்புக்கு எதிரா சத்தியக்கடதாசி முடிக்கிறதோ? அப்பிடி ஆரும் செய்யிறேல்ல."

"தெரியும்."

"கனகரத்தினம் உங்களுக்கு வேற எத்தினை வழக்கில அறிக்கை தந்தவர்?"

"அறுபத்தொண்டு. ராத்திரி எண்ணிப்போட்டன்."

"அவ்வளவும் கிளம்பும் சேர்."

"கிளம்பட்டும். எழுதும்."

ஜெஸீமா மூலைக் கதிரையில் இருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் யாரென்று அவளுக்கு விளங்கவில்லை. யாரோ உதவிக்கு வந்த பெரிய மனிதர் என்று நினைத்தாள். "அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தத் தரணும் ஐயா," என்றாள். ஐயா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். சொல்லுங்கோ என்று நான் கண்ணால் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

படியிறங்கும்போது என்னிடம் மெதுவாக, "உங்கட பேரை நான் போடேல்ல. தெரிஞ்சும் வாசிச்சது எண்டு வந்தா உங்களப் பிழிஞ்செடுப்பாங்கள். நான் இழுக்க மாட்டன்," என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

செவ்வாய் மேல் நீதிமன்றத்தில் மனுவைப் பதிந்தார்கள். அவசரம் என்று புதன் காலை ஒன்பதரைக்கு எடுத்தார்கள். பிஸ்கால் ஜெஸீமாவின் வாசலுக்குப் போவது பத்து மணிக்கு. நகரத்திலிருந்து குச்சவெளிக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். பிஸ்காலுக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்த முடியாது, முத்திரை குத்திய கட்டளைக் காகிதம் கையில் கிடைக்க வேண்டும். எங்கள் கோட்டு வழக்கம் அது. ஜெஸீமா வீட்டிலேயே நின்றாள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. "கற்றறிந்த முன்னாள் நீதிபதிக்கு எழுபத்தொரு வயது. தனிப்பட்ட டயறி நீதிமன்ற ஆவணமல்ல. அன்று அந்த வீதியில் அவர் நின்றதற்கு வேறு சான்று உண்டா?"

ஆசனத்தில் இருந்த நீதிபதி அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா எழுந்து நின்றார். வாழ்நாள் முழுக்க மேலே இருந்தவர், கீழே நிற்கும்போது குள்ளமாகத் தெரிந்தார்.

"உங்களோடு வேறு யார் இருந்தார்கள்?"

"சாரதி. காலமாகிவிட்டார்."

"வேறு யாரும்?"

ஐயா வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவும் மாட்டார், என்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டார். சுவரில் மணி பத்தே கால். இந்நேரம் பிஸ்கால் ஜெஸீமாவின் சட்டி பானையை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கியிருப்பார்.

"நானும் இருந்தனான்," என்றது ஒரு குரல். என் குரல்தான். கடைசி வாங்கிலிருந்து எழும்பி நின்றிருந்தேன். "நான் அப்ப முதலியார். பாலத்தடியில எங்களத் திருப்பினவங்கள். அந்த அறிக்கைய இந்தக் கட்டிடத்தில வாசிச்சதும் நான். பொய்யெண்டு தெரிஞ்சு வாசிச்சனான்."

கொழும்புச் சட்டத்தரணி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவர் என்னைக் கேட்டதெல்லாம் இங்கே வேண்டாம். பதினைந்து நிமிடம் தோலை உரித்தார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க இடைநிறுத்தக் கட்டளை வந்தது. பறையடித்தல் பற்றி முழு விசாரணை, அதுவரை யாரும் காணியில் கைவைக்கக் கூடாது.

சுகிர்தனின் காரில் பறந்தோம். இறக்கக்கண்டிப் பாலத்தில் காற்று மட்டும்தான் மறித்தது. ஐயா முன் சீற்றில் கட்டளையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

தெருவில் திரும்பும்போதே பறைச் சத்தம் கேட்டது. காணியை ஒப்படைக்கும் அறிவிப்புக்கு பிஸ்கால் முறைப்படி ஆளைக் கொண்டுவந்திருந்தார். அலுமாரி, மெத்தை, தையல் மெசின் எல்லாம் முற்றத்து மணலில். அயலவர் வேலியோரம் கூடி நின்றார்கள். ஜெஸீமா தையல் மெசினில் கை வைத்தபடி நின்றாள். அழவில்லை.

பிஸ்கால் கட்டளையை வாசித்தார், இரண்டு தடவை. "சரி சேர்," என்று பறைக்காரரை நிறுத்தினார். அந்த 'சேர்' கேட்டதும் ஜெஸீமா ஐயாவிடம் வந்தாள்.

"இவரு உங்களுக்கு ஏன் இப்பிடி மரியாத தாறாரு ஐயா? நீங்க ஆரு?"

இந்த முறை ஐயா செருப்பைப் பார்க்கவில்லை. "உங்கட காணியப் பிரிச்சுக் குடுத்த ஜட்ஜ் நான்தான் அம்மா. பறை அடிக்கேல்ல எண்டு தெரியவேண்டியவன். யோசிக்காமக் கையெழுத்து வைச்சன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு நாங்க கிண்ணியாவில அகதியா இருந்தம்," என்றாள். "பறை அடிச்சிருந்தா ஆராவது சென்னிருப்பாங்க. பொறகு அளக்க வந்தவனுகள் ரோட்டு அகலமாக்க எண்டு சென்னானுகள். நான் எளனி வெட்டிக் குடுத்தன் ஐயா. எளனி வெட்டிக் குடுத்தன்!" அப்போதுதான் அவள் அழுதாள்.

ஐயா பறைக்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இன்னொருக்கா அடியுங்கோ. கோட்டுக்கு இல்லை, எனக்காக." என்னைப் பார்த்தார். "முதலியார், கூப்பிடுங்கோ."

பறை எழும்பியது. பதினாறு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இந்தக் காணியில் உரிமை உள்ளவர்கள் யார், முன்னுக்கு வாருங்கோ.

தையல் மெசினுக்குப் பக்கத்திலிருந்து ஜெஸீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னுக்கு வந்தாள்.

"நான் இரிக்கிறன். அபூதாஹிர்ட மகள் ஜெஸீமா."

ஐயா டயறியைத் திறந்து பேனையை எடுத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா. வடிவாக் கேக்கேல்ல."

அவருக்குக் கேட்டது எனக்குத் தெரியும். அவள் இன்னும் பலமாகச் சொன்னாள்.